கைடு ஸ்கோப்பா, ஓஏஜியா? வாசகர் கேள்விகள்

கே: 480 மி.மீ. குவியத் தூரமுள்ள 80 மி.மீ. ரிஃப்ராக்டரில் (லென்ஸ் தொலைநோக்கி) நெபுலாக்களைப் படமெடுக்கிறேன். ஒரு நிமிடம் தாண்டினாலே நட்சத்திரங்கள் கோடாக இழுக்கின்றன. ஆட்டோகைடிங் (இரண்டாவது கேமராவால் ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து, தொலைநோக்கியின் திசையைத் தானாகத் திருத்துவது) போடலாம் என்றிருக்கிறேன். அந்தக் கேமராவுக்கான துணைத் தொலைநோக்கி, அதாவது கைடு ஸ்கோப், பெரியதாக வேண்டுமா?

ப: சின்னதே போதும். மிச்சமாகும் காசை மவுண்டுக்கு (தொலைநோக்கியைத் தாங்கி வானோடு திருப்பும் கருவி) வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வாங்கும் முன் அந்தக் கோடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள். கிழக்கு மேற்காக முன்னும் பின்னும் ஆடினால் அது மவுண்டின் வார்ம் கியர் (திருகுப் பற்சக்கரம்) செய்கிற வேலை, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதே ஆட்டம் திரும்பி வரும், கைடிங் அதைப் பிடித்துவிடும். வடக்கு தெற்காக ஒரே பக்கம் நழுவிக்கொண்டே போனால் போலார் அலைன்மென்ட், அதாவது மவுண்டின் அச்சை வான துருவத்துக்கு நேராக வைப்பது, சரியில்லை. கைடிங் அதையும் ஓரளவு மறைக்கும்தான், ஆனால் கைடு நட்சத்திரத்தைச் சுற்றி மொத்தப் படமும் மெல்லத் திரும்பி, ஓரத்து நட்சத்திரங்கள் வில்லாக வளையும்.

சரி, கணக்குக்கு வருவோம். பிக்சல் அளவை (மைக்ரானில்) 206ஆல் பெருக்கி, குவியத் தூரத்தால் (மி.மீ.இல்) வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எத்தனை ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு) என்று கிடைக்கும். உங்கள் கேமராவில் 3.76 மைக்ரான் பிக்சல் என்றால் சுமார் 1.6. 120 மி.மீ. குவியத் தூரமுள்ள குட்டி கைடு ஸ்கோப்பில் 3.75 மைக்ரான் கேமரா என்றால் 6.4. நான்கு மடங்கு வித்தியாசமா என்று பயப்படாதீர்கள். நட்சத்திரத்தின் ஒளி பல பிக்சல்களில் பரவி விழுவதால், பிஹெச்டி2 போன்ற கைடிங் மென்பொருள் அதன் மையத்தை ஒரு பிக்சலின் சிறு பங்கு வரை கணித்துவிடும். கைடு ஸ்கோப்பின் ஃபோகஸ் ஒரு முடி தப்பினாலும் குடி முழுகாது.

அதைவிட முக்கியம் அதை எப்படி மாட்டுகிறீர்கள் என்பது. நான் ஆரம்பத்தில் பிளாஸ்டிக் திருகு வைத்த வளையத்தில் மாட்டியிருந்தேன். கைடிங் மென்பொருள் காட்டும் பிழை வரைபடம் தண்டவாளம் மாதிரி நேராக ஓடும், 5 நிமிடப் படத்தைத் திறந்தால் நட்சத்திரமெல்லாம் முட்டை! மூன்று வாரம் மவுண்டைத் திட்டித் தீர்த்தேன். ஒருநாள் கைடு ஸ்கோப்பை விரலால் லேசாக அழுத்தினேன், அசைந்தது, விட்ட பிறகு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அவ்வளவுதான் விஷயம். தடித்த உலோகப் பிடியாகப் பாருங்கள், கேபிளையும் தொங்கவிடாமல் கட்டுங்கள்.

கே: 8 அங்குல ஷ்மிட்-கேஸக்ரெய்னுக்கும் (கண்ணாடி வைத்த குட்டையான தொலைநோக்கி) இதே ஏற்பாடு போதுமா?

ப: போதாது. அதன் குவியத் தூரம் 2000 மி.மீ.க்கும் மேல், அப்புறம் அந்த வகையில் ஃபோகஸ் செய்ய முதன்மைக் கண்ணாடியே நகரும் என்பதால், தொலைநோக்கி வானோடு திரும்பும்போது அந்தக் கண்ணாடி லேசாகச் சாயும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கைடு ஸ்கோப்புக்கு அது தெரியவே தெரியாது. ஆஃப்-ஆக்சிஸ் கைடர், அதாவது ஓஏஜி போடுங்கள். தொலைநோக்கிக்குள் வரும் ஒளியின் ஓரத்திலிருந்தே ஒரு குட்டிப் ப்ரிஸம் கொஞ்சம் பிரித்துக் கைடு கேமராவுக்குத் தரும், கண்ணாடி சாய்ந்தால் அந்த நட்சத்திரமும் கூடவே நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

சங்கடமும் உண்டு. பார்வைப் புலம் சின்னது, நட்சத்திரம் கிடைப்பது அரிது, ஆகவே நல்ல உணர்திறன் உள்ள மோனோ (கறுப்பு-வெள்ளை) கேமராவாக எடுங்கள். ப்ரிஸத்தைச் சென்சாரின் நீண்ட பக்கத்தை ஒட்டி வையுங்கள், இல்லாவிட்டால் படத்தில் நிழல் விழும். முதல் ஃபோகஸைப் பகலிலேயே தொலைவில் தெரியும் ஏதாவது கம்பத்தை வைத்து முடித்துவிடுங்கள், இருட்டில் இரண்டு கேமராவையும் ஒரே நேரத்தில் தேடுவது பெரிய ரோதனை.

கே: எஸ்டி-4 கேபிளா (கைடு கேமராவிலிருந்து மவுண்டுக்குப் போவது), யூஎஸ்பியா? கைடு எக்ஸ்போஷர் எவ்வளவு வைப்பது?

ப: யூஎஸ்பிதான், மவுண்டை நேரடியாகக் கணினியோடு இணையுங்கள். தொலைநோக்கி எங்கே பார்க்கிறது என்று மென்பொருளுக்குத் தெரியும் என்பதால், வேறு பொருளுக்குத் திருப்பும்போதெல்லாம் மறுபடி கேலிபரேஷன் (மவுண்டை எவ்வளவு தள்ளினால் நட்சத்திரம் எவ்வளவு, எந்தப் பக்கம் நகர்கிறது என்று அளப்பது) செய்ய வேண்டியதில்லை. எக்ஸ்போஷர் 2 விநாடியில் தொடங்குங்கள். அரை விநாடி வைத்தால் காற்றின் நடுக்கத்தையெல்லாம் மவுண்ட் துரத்திக்கொண்டு ஓடும், படம் இருந்ததைவிட மோசமாகும்.