பெற்றோர் மதுரையில் இருந்தால் பாதுகாப்பு அனுமதி கிடைக்காதா?

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பொறியாளர் நான். அங்குள்ள ராணுவ ஒப்பந்த நிறுவனம் ஒன்று வேலை தந்து, அரசின் ரகசியத் தகவல்களைக் கையாளத் தேவையான பாதுகாப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறது. பெற்றோர் மதுரையில் வசிக்கிறார்கள். மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். அப்பாவோடு கூட்டாக ஒரு வீடும் வங்கிக் கணக்கும் உண்டு. இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டையும் இருக்கிறது. இவற்றைச் சொன்னால் வேலை போய்விடுமா?

பதில்: மறைத்தால்தான் போகும். இந்த அனுமதிக்கான எஸ்.எஃப்.-86 விண்ணப்பப் படிவத்தில் தெரிந்தே பொய் எழுதுவது 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பெற்றோர் மதுரையில் வாழ்வது குற்றமே அல்ல.

அனுமதி தரலாமா என்று முடிவெடுக்க 2017 ஜூன் முதல் நடப்பில் உள்ள 13 அளவுகோல்களில் 'பி' என்பது வெளிநாட்டுச் செல்வாக்கைப் பற்றியது. உறவினர்களை வைத்து உங்களை யாராவது நெருக்க முடியுமா என்பதுதான் அதன் கவலை. அதனால் அவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்பது முக்கியம். ஓய்வுபெற்ற ஆசிரியரான அப்பாவும், ராணுவ ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் அண்ணனும் ஒரே தட்டில் வைக்கப்படுவதில்லை. மாமனார், மாமியாரையும் குறிப்பிட வேண்டும். எவ்வளவு அடிக்கடி பேசுகிறீர்கள் என்றும் படிவம் கேட்கும். அம்மாவிடம் தினமும் வாட்ஸ்அப்பில் பேசினால் 'தினமும்' என்றே எழுதுங்கள்; 'எப்போதாவது' என்று எழுதிவிட்டு நேர்காணலில் மாற்றிச் சொன்னால் வீண் சந்தேகம் எழும்.

குற்ற வழக்கில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும். இங்கே அது நாட்டின் பக்கம் போகும். ஆகவே உங்கள் வேர் அமெரிக்காவில் எவ்வளவு ஆழம் என்பதை ஆவணங்களால் காட்டுங்கள்: பிள்ளைகளின் படிப்பு, சொந்த வீடு, ஓய்வூதியச் சேமிப்பு. மதுரை வீட்டில் உங்கள் பங்கு இவற்றோடு ஒப்பிடச் சிறியது என்றால் அது பெரிய தடையாகாது.

ஓ.சி.ஐ. இந்தியச் சட்டப்படி குடியுரிமை அல்ல. ஆனாலும் அதைச் சொல்லிவிடுங்கள்.

நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் வங்கிக் கணக்குதான். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் அமெரிக்க நிதித் துறைக்குத் தனி அறிக்கை தர வேண்டும். 'அது அப்பாவின் பணம்' என்பது காரணமாகாது. கூட்டுக் கணக்கும் சேரும். விடுபட்டிருந்தால், படிவத்தில் கையெழுத்திடும் முன்பே வரி ஆலோசகரைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

அனுமதி தர ஏன் தயங்குகிறோம் என்று அரசு எழுதி அனுப்பும் ஆட்சேபக் குறிப்பு வந்தால் பதற வேண்டாம். கிடைத்த 20 நாட்களுக்குள் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியே பதில் எழுதுங்கள். நிர்வாக நீதிபதி முன் விசாரணை வேண்டும் என்பதையும் அந்தப் பதிலிலேயே கேட்டுவிடுங்கள்.