கார்டுக்குச் சும்மா இருக்கவும் தெரிய வேண்டும்

கேள்வி: பழைய ஹோம் கம்ப்யூட்டருக்கு நானே ஒரு எக்ஸ்பான்ஷன் கார்டு (கூடுதல் வசதிக்காகச் செருகும் சர்க்யூட் போர்டு) செய்ய ஆசை. ஆப்பிள் 2, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் இரண்டும் இருக்கின்றன. எதில் தொடங்கலாம்?

பதில்: ஆப்பிள் 2. 1977-இல் வந்த அந்தப் பெட்டிக்குள் எட்டு ஸ்லாட்டுகள். ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் 16 முகவரிகளை மதர்போர்டே ஒதுக்கி, ‘உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள்’ என்று தனிக் கம்பியில் சொல்லிவிடும். முகவரியைக் கண்டுபிடிக்கும் வேலை கார்டுக்கு இல்லை. 1982-இன் ஸ்பெக்ட்ரமோ போர்டின் விளிம்பைப் பின்பக்கம் நீட்டிவிட்டு, ‘இசட்80 ப்ராசஸரின் கம்பிகள் இதோ, இனி உன் சாமர்த்தியம்’ என்று நின்றுகொள்ளும். அங்கே கற்பதும் அதிகம், கருகுவதும் அதிகம். 5 வோல்ட்டும் 9 வோல்ட்டும் அடுத்தடுத்த பின்களில் இருக்கின்றன. பவர் இருக்கும்போது கார்டைச் செருகாதீர்கள், அசைக்கவும் அசைக்காதீர்கள்.

கேள்வி: ஸ்பெக்ட்ரமுக்கு எட்டு எல்ஈடி எரியும் கார்டு செய்தேன். போர்ட் எண் (கார்டை அழைக்கும் முகவரி) 30. விளக்குகள் சரியாக எரிகின்றன, ஆனால் ஒவ்வொரு முறையும் திரையின் பார்டர் நிறமும் மாறுகிறது. எங்கே தப்பு?

பதில்: கார்டில் தப்பில்லை, எண்ணில்தான். ஸ்பெக்ட்ரமில் திரையையும் பார்டரையும் கவனிக்கும் யூஎல்ஏ சிப் முழு எண்ணையும் பார்ப்பதில்லை. முகவரியின் கடைசி பிட்டான ஏ0 கம்பி தாழ்ந்திருந்தால் (0 என்றிருந்தால்) போதும், தன்னைத்தான் அழைத்தார்கள் என்று எடுத்துக்கொள்ளும். அதாவது இரட்டைப்படை போர்ட் எல்லாமே அதற்குச் சொந்தம். சரி, 31 வைக்கலாமா என்றால் அது கெம்ப்ஸ்டன் ஜாய்ஸ்டிக்கின் இடம். 191 வைத்துப் பாருங்கள். கடைசி எட்டு முகவரிக் கம்பிகளில் ஏ6 மட்டும் தாழ்ந்திருக்கும், அதை வைத்தே கார்டு அடையாளம் கண்டுகொள்ளலாம்.

நீங்கள் எழுதுவது, அதாவது கம்ப்யூட்டர் கார்டுக்கு எண்ணை அனுப்புவது பற்றித்தான் கேட்டீர்கள். கம்ப்யூட்டர் எண்ணைப் படித்துக்கொள்ளும் கார்டு செய்யும்போது இன்னொரு வம்பு காத்திருக்கிறது, நான் பட்டது. ஒரே ஒரு லாஜிக் கேட்டை மிச்சம் பிடிக்க, ‘இப்போது படிக்கிறேன்’ என்று ப்ராசஸர் சொல்லும் ரீட் கம்பியை இணைக்காமல் விட்டேன். இந்த போர்ட் எண்ணில் யார் எழுதப் போகிறார்கள் என்ற தைரியம். பேசிக் மொழியில் இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் நானே எழுதிய ஒரு புரோகிராம் மட்டும், அதுவும் எப்போதாவதுதான், உறைந்து நின்றது. சால்டரை மூன்று முறை உருக்கி மறுபடி வைத்தேன்; ஒரு நல்ல ஐசியையும் கழற்றிப் போட்டேன்.

விஷயம் இதுதான். இசட்80 ஒரு இன்டரப்டை (ஓடும் வேலையை நிறுத்தி வேறொன்றைக் கவனிக்கச் சொல்லும் அழைப்பை) ஏற்கும்போது எம்1 கம்பி, போர்ட் அழைப்பைக் குறிக்கும் ஐஓ-ரிக்வெஸ்ட் கம்பி இரண்டையும் ஒன்றாகத் தாழ்த்தும்; ரீட் தாழாது, ஆனால் என் கார்டு அதைப் பார்க்கவில்லையே. அந்த நேரம் முகவரிக் கம்பிகளில் இருப்பது புரோகிராம் நின்ற இடத்தின் முகவரி. அது தற்செயலாக என் போர்ட் எண்ணோடு ஒத்துப்போனால், யாரும் கேட்காமலே என் கார்டு பஸ்ஸில் (எல்லோரும் பகிரும் தரவுக் கம்பிகளில்) வாய்விட்டுப் பேசியது. சாதாரண பேசிக் ஓடும் இன்டரப்ட் மோடு 1-இல் பஸ்ஸில் என்ன இருந்தாலும் கவலையில்லை. மோடு 2-இல் பஸ்ஸில் இருக்கும் எண்தான், நினைவகத்தில் உள்ள முகவரிப் பட்டியலில் எந்த இடத்தைப் பார்ப்பது என்று காட்டி, அடுத்து எங்கே போவது என்பதை முடிவு செய்யும். என் புரோகிராம் அங்கே 255 இருக்கும் என்று நம்பியிருந்தது. விவரமானவர்கள் அந்தப் பட்டியலின் 257 பைட்டையும் ஒரே எண்ணால் நிரப்பி வைத்துத் தப்பித்துக்கொள்வார்கள். எம்1 உயர்ந்திருக்கிறதா என்பதையும் ரீட் தாழ்ந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிட்டே கார்டு வாயைத் திறக்கட்டும்.

கேள்வி: 3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலரை நேராக பஸ்ஸில் இணைக்கலாமா? ஒரு நண்பர் இணைத்து ஓட்டுகிறார்.

பதில்: ஓடும்வரை ஓடும். 3.3 வோல்ட்டிலிருந்து 5-க்குப் போகும் திசையில் பெரிய சிக்கல் இல்லை. டிடிஎல் வகை 5 வோல்ட் சிப்பின் உள்ளீட்டுக்கு 2 வோல்ட் தாண்டினாலே ‘ஒன்று’. திரும்பி வரும் 5 வோல்ட்தான் சிப்பைத் தின்னும். நடுவில் 3.3 வோல்ட்டில் ஓடும் 74எல்விசி245 என்ற பஃபர் சிப் ஒன்றைப் போடுங்கள். அதன் உள்ளீடுகள் 5 வோல்ட்டைத் தாங்கும்.

கேள்வி: என் கார்டை ஓபன் ஹார்டுவேராக (யாரும் செய்யலாம், திருத்தலாம் என்று) வெளியிட, போர்டு செய்யும் தொழிற்சாலைக்கு அனுப்பும் ஜெர்பர் கோப்பு கொடுத்தால் போதாதா?

பதில்: போதாது. ஜெர்பரை வைத்து நகல் எடுக்கலாம், திருத்த முடியாது. கிகாட் மென்பொருளில் போட்ட சர்க்யூட் வரைபடம், போர்டு கோப்பு, பாகங்களின் பட்டியல் எல்லாம் வேண்டும். கார்டில் கேல் சிப் (நாமே லாஜிக்கை ஏற்றும் சிப்) இருந்தால், அதில் ஏற்றும் ஜெடெக் கோப்போடு நிறுத்தாமல், அதை உண்டாக்கிய சமன்பாடுகளையும் கொடுங்கள். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். முதல் பதிப்பில் நீங்கள் வெட்டி ஒட்டிய ஜம்பர் கம்பிகளையும் வெட்கப்படாமல் குறிப்பிடுங்கள். என் ரீட் கம்பிக் கதையை நான் எழுதி வைத்திருக்கிறேன். உரிமத்துக்கு செர்ன் நிறுவனத்தின் ஓபன் ஹார்டுவேர் உரிமம், 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பு இருக்கிறது. எஸ், டபிள்யூ, பி என்று மூன்று வகை; கட்டுப்பாடு எஸ்-இல் அதிகம், டபிள்யூவில் நடுத்தரம், பி-யில் மிகக் குறைவு.

கேள்வி: அப்படிக் கொடுத்தால் வேறு யாராவது செய்து விற்றுவிட மாட்டார்களா?

பதில்: விற்பார்கள், அதற்கு உரிமை உண்டு. எஸ் வகை போட்டிருந்தால், அவர்கள் செய்த மாற்றங்களின் மூலக் கோப்புகளையும் அதே உரிமத்தில் கொடுத்தாக வேண்டும். அவர் உங்கள் போர்டில் ஒரு பிழையைத் திருத்தியிருந்தால் அடுத்த பதிப்பில் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.