கேஸுக்குள் பெயின்ட்: எங்கே அடிக்கலாம், எங்கே கூடாது?

கேள்வி: என்னுடைய கம்ப்யூட்டர் கேஸ் வெளியே நல்ல கறுப்பு. பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தால் பெயின்டே இல்லாத சாம்பல் தகடுதான் தெரிகிறது. ஸ்ப்ரே டப்பா வாங்கி நானே உள்ளே அடிக்கலாமா? இதுவரை எதற்கும் பெயின்ட் அடித்ததில்லை.

பதில்: தாராளமாக அடிக்கலாம். ஸ்ப்ரே பழகுவதற்குக் கேஸின் உட்புறம் நல்ல இடம். அங்கங்கே சிறு பிசகு வந்தாலும் பாதி இடத்தை மதர்போர்டும் ஒயர்களும் மறைத்துவிடும். ஆனால் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். டப்பாவை அழுத்தும் நேரத்தைக் கூட்டினால் அரை மணிகூட வராது. மற்றதெல்லாம் கழற்றுவதும் தேய்ப்பதும் டேப் ஒட்டுவதும் காய விடுவதும்தான்.

நான் முதலில் அடித்த கேஸில் தகட்டைத் துணியால் துடைத்துவிட்டு நேராக வெள்ளை எனாமல் அடித்தேன். பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. சில வாரம் கழித்து, ஒயரைப் பிடித்து நிறுத்த ஒட்டியிருந்த ஒரு துண்டு டேப்பை இழுத்தபோது, உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் பாலாடை மாதிரி அதோடு உரிந்து வந்தது. அடியில் தகடு புதிதாக மின்னியது, ஒரு கீறல்கூட இல்லை. பெயின்ட் பிடித்துக்கொள்ள அங்கே எதுவுமே இருக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

பெரும்பாலான கேஸ்களின் தகடு துத்தநாகப் பூச்சு கொண்ட எஃகு. துருப்பிடிக்காமல் காப்பது அந்தப் பூச்சுதான்; பெயின்டை ஒட்டவிடாததும் அதுவே. எண்ணெய் சேர்ந்த ஆல்கைட் எனாமலை அதன்மேல் நேராக அடித்தால், துத்தநாகம் பெயின்டோடு வினைபுரிந்து இடையில் சோப்பு போன்ற ஒரு படலம் உண்டாகும். கொஞ்ச நாளில் பெயின்ட் கழன்றுவிடும். அதனால் கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசிய) தகட்டுக்கு ஏற்றது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும் பிரைமரை, அதாவது நிறத்துக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சை, வாங்குங்கள். அதற்கு முன்னால் 320 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தகட்டின் பளபளப்பு மங்கும் வரை தேயுங்கள். பூச்சையே சுரண்டி எடுத்துவிட வேண்டாம், மங்கினால் போதும். நனைத்துத் தேய்த்தால் தூசு மூக்கில் ஏறாது. இரும்பு நார் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் ஒரு இழை எங்காவது இடுக்கில் தங்கி, பிறகு மதர்போர்டின் மேல் விழுந்தால் ஷார்ட் ஆகிவிடும். தேய்த்து முடித்து, கழுவிக் காய வைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அப்புறம் உள்பக்கத்தை வெறும் கையால் தொடாதீர்கள்.

அடுத்தது, எங்கே அடிக்கக் கூடாது என்பது. புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். மதர்போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்களை முதலிலேயே கழற்றி ஒரு டப்பியில் போட்டுவிடுங்கள். அவை உட்காரும் ஓட்டைகளில் பழைய திருகுகளைச் செருகி வையுங்கள், மரைக்குள் பெயின்ட் போகாது. பவர் சப்ளை கேஸைத் தொடும் விளிம்பிலும் பின்பக்க இணைப்புகளின் தகடு அழுந்தும் சதுரத்தின் ஓரத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். காரணம் அழகு இல்லை. பவர் சப்ளையின் உலோக உடல் கேஸைத் தொடுவதால்தான் கேஸுக்கு எர்த் கிடைக்கிறது. நடுவே பெயின்ட் வந்துவிட்டால் அந்தத் தொடர்பு போய்விடலாம். கம்ப்யூட்டர் வழக்கம்போல ஓடும், ஆனால் அந்தப் பாதுகாப்பு இருக்காது. உங்கள் கை படும் பெட்டி அது, இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

சரி, ஸ்ப்ரேவுக்கு வருவோம். டப்பாவைக் குலுக்குங்கள். உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகும் இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, தகட்டுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். பெட்டிக்குள் அடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மூலையில் அடித்த காற்று சுருண்டு திரும்பும். துளிகள் காற்றிலேயே காய்ந்து மாவு தூவியதுபோல் சொரசொரப்பாகப் படியும். அதனால் மூலைகளை முதலில், சின்னச் சின்ன அழுத்தல்களாக அடித்து முடித்துவிட்டு, அப்புறம் அகலமான இடங்களுக்கு வாருங்கள். அடிக்கும் பக்கம் படுக்கையாக இருக்கும்படி கேஸைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டால் பெயின்ட் வழியாது. முதல் கோட்டில், அதாவது முதல் முறை அடிக்கும் பூச்சில், அடியில் இருப்பது தெரியத்தான் செய்யும். பதறி மறுபடி மறுபடி அடித்தால் வழிந்து கண்ணீர்க் கோடு விழுந்துவிடும். மூன்று நான்கு மெல்லிய கோட்டுகளில் நிறம் தானாக நிரம்பும்.

இரண்டு கோட்டுக்கு நடுவே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பது டப்பாவில் இருக்கும். சில எனாமல்களில் ஒரு மணிக்குள் அடி, இல்லாவிட்டால் ஒன்றிரண்டு நாள் கழித்து அடி என்று போட்டிருப்பார்கள். அதை அப்படியே கேளுங்கள். இடைப்பட்ட நேரத்தில் அடித்தால், புதிய பெயின்டின் கரைப்பான் பாதி காய்ந்த அடிப்படலத்தை ஊற வைத்து, தோல்போலச் சுருக்கிவிடும். மழை ஈரம் உள்ள நாளிலும் அடிக்காதீர்கள், மேலே வெண்புகை படிந்த மாதிரி மங்கிவிடும்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அன்றே பாகங்களை மாட்ட வேண்டாம். குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். மூக்கை உள்ளே வைத்து முகர்ந்து பாருங்கள். வாசனை இருந்தால் இன்னும் காயவில்லை. மறைவான ஒரு மூலையில் நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழாவிட்டால் மாட்டலாம்.

வேலை முழுவதும் திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பு இல்லாத இடத்தில் நடக்கட்டும். தூசுக்குக் கட்டும் துணி முகமூடி கரைப்பான் ஆவியைத் தடுக்காது; கரிவடிகட்டி உள்ள முகமூடி வேண்டும்.

கேள்வி: ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்து, கேஸைத் தகடு தகடாகப் பிரித்து அடித்தால்தான் நன்றாக வரும் என்கிறான் என் தம்பி. உண்மையா?

பதில்: உண்மைதான். தட்டையான தகட்டில் மூலைத் தொல்லை இல்லை. ஆனால் பிரித்ததை மறுபடி பூட்ட ரிவெட் கன்னும், அதே அளவு ரிவெட்டுகளும் வேண்டும் (கேஸ்களில் 3.2 மில்லிமீட்டர் அதிகம் புழங்கும்). துளைக்கும்போது உதிரும் இரும்புத் தூள் ஒன்றுவிடாமல் வெளியே வரவும் வேண்டும். முதல் கேஸுக்கு இவ்வளவு தேவையில்லை. திருகில் கழல்வதைக் கழற்றுங்கள், பிளாஸ்டிக் பாகங்களை எடுத்து வையுங்கள், மற்றதை அப்படியே அடியுங்கள். ரிவெட் வேலையைத் தம்பி அடுத்த கேஸில் காட்டட்டும்.

கேள்வி: உள்ளே வெள்ளையா, கறுப்பா?

பதில்: மங்கல் கறுப்பு ஒயர்களை மறைக்கும், பிசிறு, சொரசொரப்பு ஏதாவது இருந்தாலும் காட்டிக்கொடுக்காது. வெள்ளை சின்னக் குறையையும் காட்டும், கோட்டும் அதிகம் கேட்கும். இருந்தாலும் என் ஓட்டு வெள்ளைக்குத்தான். எல்இடி வெளிச்சம் பெட்டி முழுக்கப் பரவும். கைதவறி விழுந்த கறுப்புத் திருகை விளக்கு பிடித்துத் தேட வேண்டியதில்லை.