கரண்ட் போய்த் திரும்பி வந்தாலும் தரை நனையாத ஓவர்ஃப்ளோ எது?

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சார், மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி இருக்கிறது. ஏஞ்சல் மீன்கள் வளர்க்கிறேன். ஸ்டாண்டுக்குக் கீழே சம்ப் வைக்க ஆசை. ஒரு கடையில் கண்ணாடியில் துளை போடச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில் விளிம்பில் மாட்டும் பெட்டியே போதும் என்கிறார்கள். எங்கள் ஊரில் காற்றடித்தால் கரண்ட் போய்ப் போய் வரும். எதை வாங்கலாம்?"

கரண்ட் போய்ப் போய் வரும் என்கிறீர்களே, அதை வைத்தே முடிவெடுத்துவிடலாம். சம்ப் என்பது தண்ணீரை வடிகட்டக் கீழே வைக்கும் தொட்டி; மேல்தொட்டியில் வழியும் தண்ணீரை அதில் இறக்கும் வழிதான் ஓவர்ஃப்ளோ, மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்வரை எல்லா ஓவர்ஃப்ளோவும் நன்றாகத்தான் வேலை செய்யும். மோட்டார் நிற்கும்போதும் மறுபடி ஓடத் தொடங்கும்போதும் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். கடையில் இதை யாரும் காட்டமாட்டார்கள்.

விளிம்பில் மாட்டும் பெட்டியில் யூ வடிவக் குழாய் ஒன்று இருக்கும். உள்பெட்டியில் விழும் தண்ணீர் அந்தக் குழாய் வழியே சைஃபன் ஆகி (காற்றில்லாமல் நிறைந்த குழாய் தண்ணீரைத் தானே இழுத்து) வெளிப்பெட்டிக்கு வந்து, அங்கிருந்து சம்ப்புக்கு இறங்கும். கரண்ட் போனாலும் குழாயின் இரு முனைகளும் தண்ணீருக்குள் இருப்பதால் சைஃபன் அறுந்துபோகாது என்பது கணக்கு. நானும் அதை நம்பி நாகர்கோவிலில் என் வீட்டில் இரண்டு வருடம் வைத்திருந்தேன். குழாயின் வளைவில் சிறு சிறு காற்றுக்குமிழ்கள் வந்து ஒட்டும். தண்ணீர் வேகம் குறைவாக இருந்தால் அவற்றை அடித்துப்போகாது. ஒன்றோடொன்று சேர்ந்து நெல்லிக்காய் அளவுக்கு ஒரு குமிழ் அங்கே நிற்கும். ஓர் ஆடி மாதம், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசிய இரவில், கரண்ட் நாலைந்து முறை போய் வந்தது. ஏதோ ஒரு முறை சைஃபன் அறுந்துவிட்டது. மோட்டார் மட்டும் சம்ப்பில் இருந்ததை எல்லாம் மேலே ஏற்றிக்கொண்டே இருந்தது. காலையில் எழுந்து கால் வைத்தால் கூடம் முழுக்கத் தண்ணீர். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

துளை போடுங்கள். ஆனால் அடிக்கண்ணாடியில் வேண்டாம். அங்கே வாஷர் கசிந்தால் தொட்டி முழுவதும் காலியாகிவிடும். பின்கண்ணாடியின் மேல்பகுதியில் போட்டால், கசிந்தாலும் சில சென்டிமீட்டர் தண்ணீரோடு நின்றுவிடும். இரண்டு துளைகள், இரண்டிலும் ஒரு அங்குல டேங்க் கனெக்டர் (துளையில் குழாயைப் பொருத்தும் இணைப்பு). துளைகளை உள்ளே மறைக்கும்படி, மேல் விளிம்பில் சீப்புப்பல் வெட்டிய சின்னக் கண்ணாடிப் பெட்டி ஒன்றை சிலிக்கானால் ஒட்டவேண்டும். மேற்பரப்பில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் அந்தப் பல் வழியே வழிந்துபோகும், மீன் போகாது.

பெட்டிக்குள் முதல் குழாயின் எல்போ (வளைந்த முனை) கீழ்நோக்கி இருக்கட்டும். அதன் வெளிக்குழாயில் ஒரு கேட் வால்வு, பல சுற்று திருப்பி மெல்ல மூடுவது. கால் சுற்றிலேயே மூடிவிடும் பால் வால்வு வாங்காதீர்கள், மயிரிழை திருப்பினாலே ஓட்டம் பாதியாகிவிடும், நுணுக்கமாக வைக்கமுடியாது. இரண்டாவது குழாயின் எல்போ மேல்நோக்கி, ஓடும் தண்ணீர் மட்டத்துக்கு 2 சென்டிமீட்டர் உயரத்தில். அதில் வால்வே கூடாது. முதல் குழாய் காற்றில்லாமல் நிறைந்து ஓடும்படி வால்வை மெதுவாகத் திருப்பி வைத்தால் சத்தமே இருக்காது. இலையோ நத்தையோ அடைத்தால் தண்ணீர் உயர்ந்து இரண்டாவது குழாயில் கொடகொடவென்று இறங்கும். அந்தச் சத்தம்தான் உங்களுக்கு எச்சரிக்கை மணி. இதை ஹெர்பி முறை என்பார்கள். கரண்ட் திரும்பியதும் குழாயில் இருக்கும் காற்று தானே வெளியேறி, கொஞ்ச நேரம் இரைந்துவிட்டு அமைதியாகிவிடும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: முதல் குழாயின் கீழ்முனை சம்ப் தண்ணீருக்குள் 2, 3 சென்டிமீட்டருக்கு மேல் மூழ்கியிருக்கக் கூடாது. ஆழமாக இருந்தால் காற்று வெளியேறாமல் திணறும்.

துளை போடுமுன் அது டெம்பர்டு கண்ணாடியா (சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்து உறுதியாக்கியதா) என்று உறுதி செய்யுங்கள். டெம்பர்டு என்றால் துளையிட்ட நொடியில் பொடிப்பொடியாகச் சிதறும். கண்ணாடிக்குப் பின்னால் லேப்டாப்பில் வெள்ளைத் திரையை வைத்து, போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். திட்டுத்திட்டாகக் கருநிழல் தெரிந்தால் தொடவேண்டாம். சாதாரணக் கண்ணாடி என்றால், தொட்டியைக் காலி செய்து, வைரத்துகள் பூசிய ஹோல் சாவால் (வட்டமாகத் துளை வெட்டும் கருவி), தண்ணீர் ஊற்றிக்கொண்டே, அழுத்தாமல் போடவேண்டும். துளையின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது கண்ணாடி விளிம்புக்கும் துளைக்கும் இடையே இருக்கட்டும்.

அப்புறம் ஒரு கணக்கு. எந்த ஓவர்ஃப்ளோ வாங்கினாலும் இதைப் போடாமல் விடாதீர்கள். உங்கள் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் என்பது 4 லிட்டருக்குச் சற்று மேல். கரண்ட் போனதும், மோட்டாரிலிருந்து மேலே வரும் குழாய் தலைகீழாக சைஃபன் ஆகும். அதன் வாய் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 40 லிட்டருக்கு மேல் கீழே வந்துவிடும். அதனால் வாயை ஒன்றரை சென்டிமீட்டருக்குள் வையுங்கள். தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வை நம்பவேண்டாம், கொஞ்சம் பாசி சேர்ந்தாலே சரியாக மூடாது. குழாய்களிலும் பெட்டியிலும் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து, சம்ப்பில் 20 லிட்டர் இடம் காலியாக இருந்தால் நிம்மதி. இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி சம்ப் 56 லிட்டர் பிடிக்கும், அது போதும்.

மறுபக்கமும் பாருங்கள். இரண்டு குழாயும் அடைத்தே போகிறது என்று வைத்துக்கொண்டால், மோட்டார் சம்ப்பில் தனக்குத் தடுத்த அறையில் உள்ள தண்ணீரை மட்டும்தான் மேலே ஏற்றும். மேல்தொட்டியில் 4 சென்டிமீட்டர் விளிம்பு மிச்சம் இருந்தால் 16 லிட்டர் தாங்கும். அதனால் மோட்டார் அறையை 30 சென்டிமீட்டர் அகலம், 20 நீளம், 20 உயரத் தண்ணீர் என்று தடுத்தால் 12 லிட்டர்தான், வழிந்து தரைக்கு வராது.

மோட்டார் மணிக்கு 600 முதல் 700 லிட்டர் வரை தொட்டிக்குள் கொண்டுவந்தால் உங்களுக்கு நிறைவு. மோட்டார் வரும் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண் ஏற்றம் இல்லாதபோது உள்ளது, நாலடி ஏறும்போது நன்றாகவே குறையும். கொஞ்சம் பெரிதாக வாங்குங்கள். ஏஞ்சலுக்கு வேகமான ஓட்டம் பிடிக்காது என்பதால் மோட்டார் குழாயின் வாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

கண்ணாடி டெம்பர்டு என்று தெரிந்தால் சம்ப்பையே விட்டுவிட்டு ஒரு கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி) வாங்குங்கள். இந்த அளவுத் தொட்டிக்கு அதுவே தாராளம். எதுவானாலும் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். 2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கிப் புயலுக்குப் பிறகு நம் மாவட்டத்தில் எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும்.

எல்லாம் பொருத்தியதும் ஒரு பகல் பொழுதில், பக்கத்திலேயே உட்கார்ந்து, மோட்டார் சுவிட்சை ஐந்தாறு முறை அணைத்துப் போடுங்கள். அணைத்தபிறகு சம்ப் எவ்வளவு நிறைகிறது என்று பாருங்கள். மோட்டார் ஓடும்போது மோட்டார் அறையில் தண்ணீர் நிற்கவேண்டிய மட்டத்தில் சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள். ஆவியாகிக் குறைவதை வீட்டில் வேறு யாராவது ஊற்றுவார்கள் என்றால், மோட்டார் ஓடும்போது மட்டும், அந்த டேப் வரைக்கும்தான் ஊற்றவேண்டும் என்று அவர்களுக்கும் காட்டிவிடுங்கள்.