கருப்பு ஐபிஏ, வெள்ளை ஸ்டவுட் என்றால் என்ன? நிறத்தை மட்டும் எப்படி மாற்றுகிறார்கள்?

ஐபிஏ என்பது ஹாப்ஸ் பூக்களின் கசப்பும் நறுமணமும் தூக்கலாக இருக்கும் பீர் வகை. இந்தியா பேல் ஏல் என்ற அதன் முழுப்பெயரிலேயே வெளிர் நிறம் என்ற பொருள் இருக்கிறது. அந்தச் சுவையைக் கெடுக்காமல் கரிய நிறத்தில் தயாரிப்பதே கருப்பு ஐபிஏ. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், பர்லிங்டன் நகரில் சிறிய பீர் ஆலை நடத்திய கிரெக் நூனன் 1990களின் தொடக்கத்திலேயே இதைச் செய்து பார்த்தார்.

பீரின் நிறம் பெரும்பாலும் மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து வருகிறது. மால்ட்டை எவ்வளவு வறுக்கிறோமோ அவ்வளவு கருக்கும். ஆனால் கூடவே கருகல் கசப்பும் ஏறி, ஹாப்ஸின் மணத்தை அமுக்கிவிடும். வேர்க்கடலையை வறுக்கும்போது மேல்தோல் முதலில் கருகிக் கசப்பதையும், தோலை ஊதிவிட்டால் பருப்பு இனிப்பதையும் நாம் அறிவோம். அதேபோல உமி நீக்கி வறுத்த மால்ட்டைச் சிறிதளவு சேர்த்தால், கசப்பு அதிகம் ஏறாமல் கரிய நிறம் மட்டும் பீரில் இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் எலுமிச்சை, பைன் மர மணம். கண்ணைத் திறந்தால் டிகாக்‌ஷன் நிறம். இதில்தான் தயாரிப்பவரின் கைத்திறன் தெரிகிறது என்பது என் கருத்து.

ஸ்டவுட் என்பது வறுத்த மால்ட்டின் காப்பி, சாக்லேட் சுவை கொண்ட கரிய பீர் வகை. வெள்ளை ஸ்டவுட் கருப்பு ஐபிஏவுக்கு நேர்மாறானது: பொன்னிற பீரில் காப்பிக்கொட்டையையும் கோகோ துணுக்குகளையும் ஊறவைத்து, கரிய ஸ்டவுட்டின் சுவையை வரவழைப்பார்கள்.

கருப்பு பீர் என்றாலே போதை அதிகம் என்று பலர் நினைப்பது தவறு. கின்னஸ் டிராஃப்ட் என்ற கரிய ஸ்டவுட்டில் ஆல்கஹால் சுமார் 4.2 விழுக்காடுதான், பொன்னிற லாகர் வகை பீர்கள் பலவற்றில் 5 விழுக்காடு இருக்கிறது.