ஏலத்தோட்ட ஜீப் கவிழ்ந்தால் நஷ்டஈடு யார் தரவேண்டும்?

கேள்வி: எங்கள் ஊர் கம்பம் பக்கம். அம்மாவுக்கு 45 வயது. ஒன்பது வருடமாக இடுக்கியில் ஒரே ஏலத்தோட்டத்துக்குத்தான் காய் எடுக்கவும் களை வெட்டவும் போகிறார். விடியுமுன் ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். கூலி நாளுக்கு 500 ரூபாய். சனிக்கிழமை தோட்டத்து சூப்பர்வைசர் கொடுப்பார். ஜீப் வாடகையைத் தோட்டமே கொடுக்கிறது, எங்களிடம் பிடிப்பதில்லை. 2025 அக்டோபர் 9 காலையில் கம்பம்மெட்டு தாண்டி, தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது ஜீப் கவிழ்ந்துவிட்டது. உள்ளே பதினான்கு பேர். அம்மாவுக்கு வலது தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். நான்கு மாதம் ஆகியும் வாக்கர் இல்லாமல் நடக்க முடியவில்லை. சூப்பர்வைசர் வந்து 20,000 ரூபாய் கொடுத்துவிட்டு வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிப் போனார். இப்போது கேட்டால், "விபத்து ரோட்டில் நடந்தது, தோட்டத்தில் இல்லை. உங்கம்மா ஜீப்புக்காரர் கூட்டிவந்த ஆள், எங்க ஆள் இல்லை. வேணும்னா கேரளாவில் கேஸ் போட்டுக்கோங்க" என்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

பதில்:

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கேஸ் போட நீங்கள் மலையேற வேண்டியதில்லை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923 (2010-ல் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறியது), பிரிவு 21 படி விபத்து நடந்த இடத்து இழப்பீட்டு ஆணையரிடமும் மனு கொடுக்கலாம், பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் பகுதியின் ஆணையரிடமும் கொடுக்கலாம். உங்கள் அம்மா குடியிருப்பது தேனி மாவட்டம். ஆகவே தமிழ்நாட்டுத் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையர் முன்பு, தமிழிலேயே சாட்சி சொல்லி வழக்கை நடத்தலாம். அவர் இடுக்கிப் பகுதி ஆணையருக்கு ஓர் அறிவிப்பு அனுப்பிவிட்டு விசாரிப்பார், அவ்வளவுதான். "கேரளாவில் போட்டுக்கோங்க" என்று சொல்வதெல்லாம் பாஷை தெரியாத, பஸ் காசுக்கே யோசிக்கிற மக்கள் பாதியில் விட்டுவிடுவார்கள் என்ற கணக்கில் சொல்வது. என் சித்தி பன்னிரண்டு வருடம் இந்த ஜீப்பில் போய் வந்தவர், இந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை.

சரி, "ரோட்டில் நடந்தது" என்கிற வாதத்துக்கு வருவோம். வேலை செய்யும்போது, வேலை காரணமாக நேர்ந்த விபத்துக்குத்தான் இழப்பீடு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் 'வேலை' என்பது தோட்டத்து கேட்டில்தான் ஆரம்பிக்கிறது என்று உச்ச நீதிமன்றம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. மும்பை பெஸ்ட் (மாநகரப் பஸ் நிறுவனம்) ஓட்டுநர் ஒருவர் வேலை முடிந்து இன்னொரு பெஸ்ட் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது விபத்தில் இறந்தார். அந்த வழக்கில் 1963-லேயே உச்ச நீதிமன்றம், அந்தப் பயணமும் வேலையின் தொடர்ச்சிதான் என்று தீர்ப்பளித்தது. 2025 ஜூலை 29-ல் வந்த தீர்ப்பு இன்னும் தெளிவு. சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் அதிகாலை ஷிஃப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்பே விபத்தில் இறந்துபோனார். போன நேரம், இடம், சூழ்நிலை எல்லாம் வேலையோடு ஒட்டி இருந்தால் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் போனது சொந்த வண்டியில். உங்கள் அம்மா போனதோ தோட்டம் வாடகை கொடுத்து அனுப்பிய ஜீப்பில், அந்த ஜீப்பை விட்டால் அந்த நேரத்துக்குத் தோட்டம் போய்ச்சேர வேறு வழியும் கிடையாது. உங்கள் வழக்கு அதைவிட பலமானது. (2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இந்தப் பயண விபத்தை வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறார்கள். உங்கள் விபத்து அதற்கு முன்பே நடந்துவிட்டதால் பழைய சட்டத்தை வைத்தே பேசுகிறேன்.)

எனக்குக் கவலை தருவது அவர்கள் சொன்ன அடுத்த வார்த்தைதான்: "ஜீப்புக்காரர் கூட்டிவந்த ஆள்." இதைச் சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை, யாரோ விஷயம் தெரிந்தவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். காண்ட்ராக்டர் வைத்த ஆளுக்கு விபத்து நேர்ந்தாலும் முதன்மை முதலாளிதான் இழப்பீடு தரவேண்டும் என்று பிரிவு 12 சொல்கிறது, அது நல்ல பிரிவுதான். ஆனால் அதன் கடைசி உட்பிரிவு, விபத்து முதலாளியின் இடத்திலோ அதை ஒட்டியோ அவர் கட்டுப்பாட்டில் உள்ள இடத்திலோ நடந்திருந்தால்தான் அந்தப் பொறுப்பு வரும் என்று முடிகிறது. அதாவது ஜீப்புக்காரரைக் காண்ட்ராக்டர் என்று காட்டிவிட்டால், ரோட்டில் நடந்த விபத்திலிருந்து தோட்டம் நழுவிவிட வழி இருக்கிறது. ஆகவே உங்கள் மனுவில், வாய்மொழியில்கூட, "ஜீப்புக்கார அண்ணன்தான் வேலைக்கு வைத்தார்" என்று தவறிக்கூட வரக்கூடாது. இது பொய் சொல்லச் சொல்வது இல்லை. நீங்கள் எழுதியதையே பாருங்கள்: கூலி கொடுப்பது சூப்பர்வைசர், எந்தப் பாத்தியில் காய் எடுக்கவேண்டும் என்று நிறுத்துவது சூப்பர்வைசராகத்தான் இருக்கும், நாளைக்கு எத்தனை பேர் வரவேண்டும் என்று போன் போடுவதும் அவராகவே இருக்கும். ஜீப்புக்காரர் செய்தது ஏற்றி இறக்கிய வேலை மட்டும்தான். அப்படியானால் முதலாளி தோட்டம்தான், நேரடியாக. பிரிவு 12 பக்கமே நாம் போகவேண்டாம்.

இதை நிரூபிக்கக் காகிதம் இல்லையே என்று பயப்படாதீர்கள். மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) தினக்கூலி ஆட்களின் பெயரை எழுதாத தோட்டங்கள் உண்டு, அது ஆணையர்களுக்கும் தெரியும். அவசரமாக ஒன்று செய்யுங்கள். கூலி எப்போதாவது உங்கள் போனுக்கோ தம்பி போனுக்கோ ஜிபேயில் வந்திருக்கிறதா என்று பாருங்கள், தோட்டத்திலிருந்து வந்த ஒரே ஒரு நூறு ரூபாய் வரவு இருந்தாலும் பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுத்து வையுங்கள். சூப்பர்வைசரின் வாட்ஸ்அப் குரல் செய்திகளை அழிக்காதீர்கள். ஏலத்தோட்ட வேலை இந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், அதாவது இழப்பீடு உள்ள வேலைகளின் பட்டியலில், இருக்கிறது.

வெற்றுத் தாள் கையெழுத்துக்கு வருகிறேன், அம்மா இதை நினைத்துத்தான் ராத்திரி தூங்கமாட்டார் என்று தோன்றுகிறது. அந்தத் தாளில் அவர்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகப் போடும் எந்த ஒப்பந்தமும் பிரிவு 17 படி செல்லாது. இழப்பீட்டை மொத்தத் தொகையாகப் பேசி முடித்தால், அந்த ஒப்பந்தத்தை ஆணையரிடம் அனுப்பிப் பதிவு செய்யவேண்டும் என்று பிரிவு 28 சொல்கிறது. பதிவு செய்யாவிட்டால் முழு இழப்பீட்டுக்கும் முதலாளி பொறுப்பு. கொடுத்த 20,000 ரூபாயிலும், ஆணையர் வேறு மாதிரி உத்தரவிட்டால் தவிர, பாதிக்குமேல் மொத்தத்தில் கழிக்க முடியாது (பிரிவு 29), அதற்குமேல் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

எவ்வளவு வரும்? மாதம் 26 நாள் என்று வைத்தால் கூலி 13,000 ரூபாய். வேலைக்குப் போகமுடியாமல் கிடக்கும் காலத்துக்கு ஒவ்வொரு அரை மாதத்துக்கும் மாதக் கூலியில் 25 சதவீதம், அதாவது 3,250 ரூபாய். நான்கு மாதத்துக்கு இதுவே 26,000 ஆகிறது, அவர்கள் கொடுத்தது அதற்கே காணாது. நிரந்தரமாகப் பாதிப்பு தங்கிவிட்டால் கணக்கு வேறு: கூலியில் 60 சதவீதம் 7,800, அதை 45 வயதுக்கு அட்டவணை சொல்லும் 169.44-ஆல் பெருக்கினால் 13,21,632 ரூபாய். இதில் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போயிற்றோ அத்தனை சதவீதம் கிடைக்கும். 30 சதவீதம் என்று டாக்டர் சொன்னால் ஏறத்தாழ 3,96,490 ரூபாய். இங்கே ஒரு எச்சரிக்கை. கால் எத்தனை சதவீதம் மடங்கவில்லை என்பது ஒன்று, சரிவான மலையில் குனிந்து உட்கார்ந்து காய் எடுக்கிற பெண்ணுக்கு அதனால் எவ்வளவு வேலைத்திறன் போயிற்று என்பது வேறு. எலும்பு டாக்டரிடம் சான்றிதழ் வாங்கும்போது அம்மா என்ன வேலை செய்கிறவர் என்று சொல்லி, இரண்டாவதையும் எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள். மருத்துவச் செலவு தனி, பில் உள்ள அத்தனையும் தரவேண்டும், ஆகவே மருந்துக்கடைச் சீட்டைக்கூடத் தூக்கிப்போடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் கொடுக்காததால் 12 சதவீதம் வட்டி உண்டு. தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லை என்றால் இழப்பீட்டில் பாதிவரை அபராதமும் விதிக்கலாம், அதுவும் அம்மாவுக்குத்தான் வரும்.

இன்னொரு வழி, மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம். அங்கே வலி, வேதனை, கூட இருந்து பார்த்துக்கொண்டவர் செலவு, எதிர்கால வருமானம் என்று தலைப்புகள் அதிகம், தொகையும் பெரும்பாலும் கூடுதலாக வரும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 167 படி இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். தீர்ப்பாயத்தில் அப்படி முழுத்தொகை கேட்க ஓட்டுநர் தவறை நிரூபிக்கவேண்டும், இழப்பீட்டுச் சட்டத்தில் யார் தவறு என்ற பேச்சே இல்லை. முக்கியமாக ஜீப்பின் இன்சூரன்ஸ் என்ன மாதிரி என்று பார்க்கவேண்டும். சொந்த உபயோக வண்டிக்குப் போடும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்து, அதில் கூலிக்கு ஆள் ஏற்றியிருந்தால் கம்பெனி கைவிரிக்கும். பயணிகளுக்குப் பாலிசி இருந்தாலும் அதில் சொன்ன இருக்கை எண்ணிக்கைக்கு மேல் பொறுப்பேற்காது, உங்கள் ஜீப்பில் இருந்தது பதினான்கு பேர். மீதியை ஜீப்காரரிடம் வசூலிக்கவேண்டும் என்றால் அவரும் நம்மைப்போலக் கடனில் வண்டி ஓட்டுகிறவர்தான். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் விவரம் தெரியும், இந்த வாரமே பாருங்கள். தீர்ப்பாயத்துக்கு ஆறு மாதக் கெடு, 2026 ஏப்ரல் 9-க்குள் முடிகிறது. இழப்பீட்டுச் சட்டத்துக்கு இரண்டு வருடம், 2027 அக்டோபர் 9 வரை. பயணிகளுக்கு நல்ல பாலிசி இருந்தால் தீர்ப்பாயம், இல்லையென்றால் யோசிக்காமல் ஆணையரிடம் போங்கள், ஏனென்றால் தோட்டத்துக்கு நிலம் இருக்கிறது. ஆணையர் உத்தரவிட்ட தொகையை நிலவரி பாக்கி போல வசூலிக்கலாம். சொத்து இடுக்கியில் இருந்தால் வருவாய் மீட்புச் சட்டம், 1890 படி அந்த மாவட்ட ஆட்சியருக்கே சான்று அனுப்பி வசூலிக்கச் சொல்லலாம்.

போலீஸ் வழக்கு கேரளத்தில் பதிவாகி இருக்கும், முதல் தகவல் அறிக்கை மலையாளத்தில் இருக்கும். அதைக் கேரள போலீஸ் இணையதளத்தில் பார்த்து எடுத்து, தமிழில் மொழிபெயர்த்து வையுங்கள். முதலில் சேர்த்த மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகலும் வேண்டும். தோட்டத்துக்கு விபத்து தெரியாது என்று அவர்கள் சொல்லமுடியாது, சூப்பர்வைசரே பணம் கொண்டுவந்திருக்கிறார். இருந்தாலும் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். வக்கீல் செலவுக்குக் கடன் வாங்கவேண்டாம். 1987-ன் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தேனி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் பண்ணுங்கள்.

மூணாறில் 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து போனஸ் கேட்டு வாங்கினார்கள். அவர்கள் லயத்திலேயே குடியிருப்பவர்கள், ஒரே இடத்தில் கூடமுடிந்தது. நம் ஊர்ப் பெண்கள் இருட்டோடு ஏறி இருட்டோடு இறங்குகிறவர்கள், எந்த மாநிலத்துக் கணக்கிலும் சரியாக விழாதவர்கள், அதனால்தான் இவ்வளவு தைரியமாக "எங்க ஆள் இல்லை" என்று சொல்லமுடிகிறது. அந்த ஜீப்பில் அம்மாவோடு இருந்த மற்றவர்களின் வீடு உங்களுக்குத் தெரியும். அடிபட்ட ஒவ்வொருவருக்கும் இதே உரிமை தனித்தனியாக உண்டு, அவர்கள்தான் அம்மாவுக்குச் சாட்சியும். தனியாக வரச்சொன்னால் வேலை போய்விடும் என்று பயப்படுவார்கள், அது நியாயமான பயம்தான். எல்லோரும் ஒரே நாளில் மனு கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஜீப் வராது, அன்றைக்கு இந்தப் பதிலை எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் படித்துக் காட்டுங்கள், தங்கச்சி.