தேர்தல் போட்டியில் பின்தங்கியிருக்கும் வேட்பாளர்கள் மட்டும் ஏன் கூடுதல் விவாதம் கேட்கிறார்கள்?

விளம்பரத்துக்குப் பணமில்லாதவரை நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தொலைக்காட்சி விவாதம்தான். முன்னணியில் இருப்பவருக்கோ அது வேண்டாத ஆபத்து. ஒருமுறை வாய் தவறினால் போதும்.

அமெரிக்க ஜனநாயகக் கட்சி, அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சிப் போட்டிக்கு 2015-ல் 6 விவாதங்களைத்தான் அறிவித்தது. கட்சி அனுமதிக்காத மேடையில் ஏறினால் இவற்றில் இடமில்லை என்றும் சொல்லிவிட்டது. முன்னணியில் ஹிலாரி கிளிண்டன். அவரை எதிர்த்துப் போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸும் மார்ட்டின் ஓமாலியும் கூடுதல் விவாதம் கேட்டார்கள். மினியாபோலிஸில் நடந்த கட்சிக் கூட்டத்தில், தலைவர் டெபி வாசர்மன் ஷுல்ட்ஸை வைத்துக்கொண்டே ஓமாலி இதைப் போட்டு உடைத்தார்.

அவர் கேட்டது நியாயம்தான். டிசம்பர் விவாதம் எப்போது தெரியுமா? கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை இரவு! அந்த நேரத்தில் யார் டிவி முன்னால் உட்காருவார்கள்?

அப்புறம் 2016 பிப்ரவரியில் கட்சி இறங்கிவந்து விவாதங்களைக் கூட்டியது. அதற்குள், முதலில் வாக்களித்த அயோவா மாநிலத்தில் தோற்று ஓமாலி விலகியிருந்தார்.